தடைக்குள் மறைந்த தூண்டல்

நுழையும்முன்

ஒரு பொருள் எப்பணிக்காகச் செய்யப்பட்டதோ அப்பணியை மட்டுமே செய்யும் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால், பொருளின் வடிவமும் தன் பங்குக்கு ஒரு பண்பை அதனுள் சேர்த்துவிடுகிறது. மின்னோட்டத்தைத் தடுத்து வெப்பமாக மாற்றுவதற்காகச் சுற்றப்படும் கம்பி, சுற்றப்பட்ட காரணத்தாலேயே காந்தச்சுருளாகவும் ஆகிவிடுகிறது. இவ்வேண்டாப் பண்பு எங்கே தீங்கற்றது, எங்கே இடர் விளைப்பது, அதனை அடக்குவதற்கு அறிஞர்கள் கண்ட வழிகள் எவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆக்கலும் கழித்தலும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டி, எண்ணூரைக் கடந்ததும் அத்திப்பட்டுப் புதுநகர், அத்திப்பட்டு ஆகிய நிலையங்களில் நின்று செல்கிறது. அங்கிருந்து கிழக்கே நோக்கினால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் புலப்படும். 1994ஆம் ஆண்டு தொடங்கி அங்கு முதற்கட்டமாக 210 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகள் நிறுவப்பட்டன. பின்னர், இரண்டாம் கட்டமாக 600 மெகாவாட் திறனுடைய இரண்டு அலகுகள் சேர்ந்தன. இவ்வைந்தின் மொத்தத் திறன் 1830 மெகாவாட். இவற்றுக்குத் தேவையான நிலக்கரி, 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து இறக்கப்பட்டு, கன்வேயர் பட்டைகளின் வழியே நிலையத்தை அடைகிறது.

மின்னாற்றலை ஆக்கும் இப்பெரும்பணி எல்லார் கண்ணுக்கும் தெரிவது. எனினும், தொழிலகங்களிலும் துறைமுகங்களிலும் இதற்கு நேர்மாறான வேறொரு பணியும் ஓசையின்றி நடைபெறுகிறது. மிகுதியாகிவிட்ட ஆற்றலைப் பாதுகாப்பாகக் கழிப்பதே அப்பணி.

பாரந்தூக்கும் கிரேன் ஒன்று 20 டன் எடையுள்ள சுமையை 15 மீட்டர் உயரத்திலிருந்து இறக்குவதாகக் கொள்வோம். சுமை இறங்கும்போது அதனுடைய நிலையாற்றல் குறைகிறது. குறையும் அளவு ஏறத்தாழ 29 இலட்சம் ஜூல். பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கு இவ்வாற்றல் போதுமானது. சுமை தானாகவே கீழே விழ முயலும்போது மின்னோடி மின்னாக்கியாக மாறி, இவ்வாற்றலின் பெரும்பகுதியை மின்சுற்றுக்குள் திருப்பி அனுப்புகிறது. அதனை ஏற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டும். மின்வழங்கலுக்கே அதனைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இல்லாத கிரேன்களில், அதனைத் தன்மேல் வாங்கி வெப்பமாக்கிக் காற்றில் கலக்கவிடும் பணியைச் செய்வது மின்தடையம். சுமை நிதானமாக இறங்குவதற்கும், கீழே நிற்போர் அச்சமின்றிப் பணிபுரிவதற்கும் அது துணைநிற்கிறது.

கம்பி சுருளாவது ஏன்?

மிகுந்த வெப்பத்தைத் தாங்கவேண்டிய மின்தடையங்கள் பெரும்பாலும் உலோகக்கலவைக் கம்பியால் சுற்றப்படுகின்றன. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இவ்வகை உலோகக்கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். நிக்ரோமின் மின்தடை எண், செம்பினுடையதைப் போல ஏறத்தாழ 65 மடங்கு. செந்நிறமாகக் கனலும் வெப்பத்திலும் அதன் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு படலம் கம்பியை அரிப்பிலிருந்து காக்கிறது.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த கம்பியாயினும், வேண்டிய மின்தடையைப் பெறச் சில மீட்டர் நீளமேனும் தேவைப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 0.66 மில்லிமீட்டர் விட்டமுள்ள நிக்ரோம் கம்பியில் 20 ஓம் மின்தடையைப் பெறுவதற்கு ஆறேகால் மீட்டருக்குச் சற்று மிகுதியான நீளம் வேண்டும். அதனை அப்படியே நீட்டிவைக்க எந்தக் கருவியிலும் இடமிராது. ஆகவே, 2 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பீங்கான் குழாயின்மீது அதனை 100 சுற்றுகளாகச் சுற்றி, மேலே வெப்பந்தாங்கும் பூச்சு பூசிவிடுகின்றனர். இடம் மிச்சமாகிறது, கம்பியும் அசையாமல் நிற்கிறது. இடச்சிக்கலைத் தீர்த்த அதே சுற்றுகள்தாம் புதியதொரு சிக்கலுக்கும் வாயில் திறக்கின்றன.

தேரும் முட்டுக்கட்டையும்

மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும். கம்பியைச் சுருளாக்கினால் ஒவ்வொரு சுற்றின் காந்தப்புலமும் அடுத்ததனோடு சேர்ந்து வலிமை பெறும். காந்தப்பாயம் மாறும்போது கம்பியில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்தார். ஒரு சுருளில் பாயும் மின்னோட்டம் மாறும்போது அச்சுருளிலேயே மின்னியக்கு விசை தோன்றுவதை ஜோசப் ஹென்றி 1832ஆம் ஆண்டு வெளியிட்டார். இதுவே தன் மின்தூண்டல் எனப்படும். அதனை அளக்கும் அலகு அவர் பெயராலேயே ஹென்றி என்று வழங்குகிறது. தூண்டப்படும் விசை, தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே அமையும் என்பது 1834ஆம் ஆண்டு லென்ஸ் வகுத்த விதி.

தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேரோட்டத்தைக் கொண்டு உணரலாம். ஈரமணலில் நடப்பவருக்கு மணல் ஒவ்வோர் அடியிலும் தடை தரும். அவர் நின்றுவிட்டால் தடையும் இல்லை. மின்தடை அத்தகையது. தேரின் இயல்போ வேறு. நின்றிருக்கும் தேரை நகர்த்துவது கடினம். உருளத் தொடங்கிய தேரை நிறுத்துவது அதனினும் கடினம். அது சீராக ஓடும்போது எதிர்ப்பதில்லை. அதன் வேகத்தை மாற்ற முயலும்போதுதான் தன் கனத்தைக் காட்டுகிறது. சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டையைத் திடீரெனப் போட்டால் அக்கட்டையின்மேல் ஏறும் அழுத்தம் மிகப்பெரிது. மின்தூண்டலும் அவ்வாறே மாறாத மின்னோட்டத்தை விட்டுவிட்டு, மாற்றத்தை மட்டும் எதிர்க்கிறது. மாற்றம் எத்துணை விரைவானதோ எதிர்ப்பும் அத்துணை வலியது.

கணக்கு காட்டும் உண்மை

நீண்ட வரிச்சுருளின் தன் மின்தூண்டல் எண்ணைக் கணக்கிடும் முறை எளியது. உட்புகுதிறன், சுற்றுகளின் எண்ணிக்கையின் இருமடி, சுருளின் குறுக்குவெட்டுப் பரப்பு ஆகிய மூன்றையும் பெருக்கிச் சுருளின் நீளத்தால் வகுக்கவேண்டும். மேற்கூறிய மின்தடையத்துக்கு இதன்படி ஏறத்தாழ 39.5 மைக்ரோஹென்றி கிடைக்கிறது. ஒரு ஹென்றியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோஹென்றி என்பதால் இது மிகச் சிறிய அளவாகவே தோன்றும்.

மாறுதிசை மின்னோட்டத்தில் இத்தூண்டல் காட்டும் எதிர்ப்பு, தூண்டல் மின்மறுப்பு எனப்படும். அது அதிர்வெண்ணோடு நேர்விகிதத்தில் வளர்வது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இம்மின்தடையத்தின் மின்மறுப்பு 0.012 ஓம் மட்டுமே. 20 ஓம் தடைக்குமுன் இது பொருட்படுத்தத்தக்கதன்று. 1000 ஹெர்ட்ஸில் கால் ஓம் ஆகிறது, அப்போதும் கவலையில்லை. 1,00,000 ஹெர்ட்ஸில் 25 ஓம் ஆகித் தடையையே விஞ்சிவிடுகிறது. இரண்டும் சேர்ந்த மின்எதிர்ப்பு அந்நிலையில் ஏறத்தாழ 32 ஓம். மேலே 20 ஓம் என்று பொறிக்கப்பட்டுள்ள அதே பொருள், விரைந்து மாறும் மின்னோட்டத்துக்கு 32 ஓம் பொருளாக நடந்துகொள்கிறது.

மல்டிமீட்டரால் இதனைக் கண்டறிய இயலாது. அக்கருவி மின்தடையை அளப்பதற்கு மாறாத நேர்த்திசை மின்னோட்டத்தையே பயன்படுத்துகிறது. ஓடாத தேரின் வேகத்தை எவ்வாறு அளக்க முடியாதோ, அவ்வாறே மாறாத மின்னோட்டத்தால் தூண்டலை அளக்க முடியாது. மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி அளக்கும் தனிக்கருவி அதற்கு வேண்டும்.

தூண்டலின் அளவை மட்டும் கொண்டு நன்மை தீமையைத் தீர்மானித்துவிடவும் கூடாது. தூண்டலைத் தடையால் வகுத்துக் கிடைக்கும் காலமாறிலியே முடிவுசெய்வது. இம்மின்தடையத்தின் காலமாறிலி ஏறத்தாழ 2 மைக்ரோவினாடி. இதனினும் மெதுவாக நிகழும் மாற்றங்களில் தூண்டல் மறைந்தே இருக்கும். இதனை ஒத்த அல்லது மிஞ்சிய விரைவில் நிகழும் மாற்றங்களில் அது வெளிப்படும். தடை சிறியதாகச் சிறியதாகக் காலமாறிலி பெரிதாகும் என்பதால், மின்னோட்டத்தை அளக்கப் பயன்படும் மிகச்சிறு தடையங்களில் அணுவளவு தூண்டலும் அளவீட்டைப் பிழையாக்கிவிடும்.

மாறியது எது?

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1500 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தில் அது இயங்கியது. அத்தகைய வண்டிகளில், புறப்படும்போது மின்னோடிக்குள் மிகையான மின்னோட்டம் பாய்ந்துவிடாமல் மின்தடையங்கள் காத்தன. வண்டி வேகமெடுக்க வேகமெடுக்க அவை ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. இம்மாற்றங்கள் வினாடிக்கணக்கில் நிகழ்ந்தவை. அங்கே மைக்ரோஹென்றி அளவிலான தூண்டல் தலைகாட்ட வாய்ப்பில்லை. மின்தடையத்தின் தூண்டலைப் பற்றி அத்தொழிலாளர்கள் கவலைப்படவேண்டிய தேவையும் எழவில்லை.

1980களுக்குப்பின் குறைகடத்தி ஆளிகள் தொழிலகங்களில் பரவின. ஐஜிபிடி என்று சுருக்கமாக வழங்கப்படும் ஆளி, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடவல்லது. ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் நிற்பதற்கு ஆகும் நேரம் ஒரு மைக்ரோவினாடிக்கும் குறைவாக இருக்கலாம். கிரேனின் தடுப்பு மின்தடையத்துக்குச் செல்லும் மின்னோட்டத்தை இன்று கட்டுப்படுத்துவது இத்தகைய ஆளியே. மின்தடையம் மாறவில்லை, அதனைச் சுற்றியிருந்த காலம் விரைவுபெற்றுவிட்டது.

நம் எடுத்துக்காட்டு மின்தடையத்தில் 200 வோல்ட்டினால் 10 ஆம்பியர் மின்னோட்டம் குறுந்துடிப்புகளாகப் பாய்வதாகக் கொள்வோம். அதனை ஒரு மைக்ரோவினாடியில் சீராகக் குறைத்து நிறுத்தினால், தூண்டலால் எழும் மின்னழுத்தம் ஏறத்தாழ 400 வோல்ட். மின்னோட்டம் நிற்கும் கணத்தில் அது மூலத்தின் 200 வோல்ட்டோடு சேர்ந்து, ஆளியின் முனைகளுக்கிடையே 600 வோல்ட்டாக நிற்கும். 200 வோல்ட் மின்சுற்றுதானே என்று எண்ணிப் பொருத்தப்பட்ட ஆளி, தான் தாங்கவேண்டியதைப் போல மும்மடங்கை எதிர்கொள்கிறது. சுருளில் சேர்ந்திருந்த காந்த ஆற்றல் 2 மில்லிஜூல் மட்டுமே. ஒரு சிட்டிகை அரிசியை ஒரு மீட்டர் உயர்த்தவே அது போதும். ஆயினும், மைக்ரோவினாடிக்குள் அது வெளிப்படுவதால் மெல்லிய குறைகடத்திப் படிகத்தைத் துளைத்துவிடும் ஆற்றல் அதற்கு வாய்க்கிறது.

ஆளி பழுதடைந்து மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால், மின்தடையம் ஓய்வின்றிச் சூடேறித் தீப்பற்றும் நிலை நேரலாம். திறந்த நிலையில் நின்றுவிட்டால், சுமையிலிருந்து திரும்பும் ஆற்றலுக்குப் போக்கிடம் இன்றிப் போகும்; மின்சுற்று தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள, சுமையைத் தாங்கும் முழுப்பொறுப்பும் இயந்திரத் தடுப்பின்மேல் விழும். இதனைத் தவிர்க்கவே மின்தடையத்துக்கு இணையாக ஒரு டையோடு பொருத்தப்படுகிறது. ஆளி திறந்ததும் சுருளின் மின்னோட்டம் அதன் வழியே சுற்றிவந்து மின்தடையத்திலேயே வெப்பமாகித் தணிகிறது. ஓடும் தேரை ஒரே கட்டையால் நிறுத்த முயலாமல், சிறிது தொலைவு உருளவிட்டு நிறுத்துவதைப் போன்றது இவ்வேற்பாடு.

மின்னலை நடிக்கும் மின்சுற்று

வேண்டாத் தூண்டலைப் பொறுக்கவே இயலாத இடங்களும் உள. மின்நிலையங்களிலுள்ள பெரிய மின்மாற்றிகள் மின்னல் தாக்குதலைத் தாங்கவேண்டும். அத்தாங்குதிறனைச் சோதிக்க, மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்னூட்டத்தை மின்தடையங்களின் வழியே பாய்ச்சிச் செயற்கையாக மின்னல் துடிப்பை உருவாக்குகின்றனர். அத்துடிப்பு 1.2 மைக்ரோவினாடியில் உச்சத்தை அடைந்து, 50 மைக்ரோவினாடியில் பாதியாகக் குறையவேண்டும் என்பது உலகளாவிய தரம். 1960ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற, பெங்களூரிலுள்ள மத்திய மின்னாற்றல் ஆய்வு நிறுவனம் மின்கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் பணியைச் செய்துவருகிறது.

2 மைக்ரோவினாடி காலமாறிலி கொண்ட மின்தடையத்தை இத்தகைய சோதனைச் சுற்றில் வைத்தால், 1.2 மைக்ரோவினாடி எழுச்சி உருக்குலையும். உச்சத்தில் அலைவுகள் தோன்றும். உரிய துடிப்பு கிடைக்காதபோது, தேறியதாகக் கருதப்படும் மின்மாற்றி உண்மையில் தேறியதா என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும். எனவே, அங்குத் தூண்டல் குறைந்த மின்தடையங்கள் இன்றியமையாதனவாகின்றன.

அடக்கும் வழிகள்

சுற்றுவதால் வந்த குறையைச் சுற்றும் முறையாலேயே நீக்க முடியும் என்பதே இத்துறையின் அழகு.

முதல் வழி இரட்டைச்சுற்று. கம்பியை நடுவில் மடித்து, இரு பாதிகளையும் அருகருகே சேர்த்துச் சுற்றுவது இம்முறை. ஒரு பாதியில் மின்னோட்டம் செல்லும் திசைக்கு எதிராக மறுபாதியில் திரும்புவதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. ஆயினும், மின்னோட்டம் நுழையும் முனையும் வெளியேறும் முனையும் பக்கத்தில் அமைந்து, முழு மின்னழுத்தமும் அவற்றிடையே நிற்கிறது. மின்காப்பு உடைந்து தீப்பொறி பாயும் அச்சம் இதில் உண்டு. நெருங்கிய இணைக்கம்பிகள் மின்தேக்கியாகவும் செயற்படுகின்றன. ஒரு வேண்டாப் பண்பை விரட்டப்போய் வேறொன்றை வரவேற்றதாகிவிடுகிறது.

இரண்டாம் வழி அயர்டன்–பெரி சுற்று. இதில் இரு தனிக்கம்பிகள் ஒரே குழாயின்மீது எதிரெதிர்த் திசைகளில் சுற்றப்பட்டு, முனைகளில் பக்க இணைப்பாக இணைக்கப்படுகின்றன. 20 ஓம் வேண்டுமெனில் ஒவ்வொரு கம்பியும் 40 ஓம் உடையதாக இருக்கவேண்டும். மின்னோட்டம் இரண்டாகப் பிரிந்து, வலமாகவும் இடமாகவும் சுழன்று செல்வதால் காந்தப்புலங்கள் அழிகின்றன. இரு கம்பிகளும் ஒரே முனையில் தொடங்குவதால், அவை ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இரண்டின் மின்னழுத்தமும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். ஆகவே, தீப்பொறி அச்சமில்லை. தேக்குதிறனின் விளைவும் சிறிதே. கம்பி இருமடங்கு நீளமும் மிகுந்த கைத்திறனும் வேண்டும் என்பதே இதற்குக் கொடுக்கும் விலை.

> தெரியுமா?
> இச்சுற்று முறைக்குப் பெயர் தந்த இருவருள் ஒருவரான வில்லியம் எட்வர்டு அயர்டன் (1847–1908), 1868ஆம் ஆண்டு இந்தியத் தந்தித் துறையில் பணியில் சேர்ந்தவர். நெடுந்தொலைவுத் தந்திக்கம்பியில் பழுது ஏற்பட்ட இடத்தைக் கண்டறியும் வழியை அவர் இந்தியாவில் உருவாக்கினார். பின்னர் டோக்கியோ பொறியியற் கல்லூரியில் ஆசிரியரானபோது, அங்குப் பணியாற்றிய ஜான் பெரியோடு (1850–1920) இணைந்து பல மின்கருவிகளை வடிவமைத்தார்.

மூன்றாம் வழி வடிவியலைத் துணைக்கொள்வது. சுருளின் குறுக்குவெட்டுப் பரப்பு குறைந்தால் தூண்டலும் குறையும். ஒரே சுற்றளவுள்ள வடிவங்களுள் மிகுந்த பரப்பை அடைப்பது வட்டம். எனவே, தூண்டலைக் குறைக்க விரும்புவோருக்கு உருளைக் குழாயே பொருந்தா வடிவம். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குப் பதிலாக, அதே சுற்றளவும் ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் உடைய மைக்காத் தகட்டின்மீது கம்பியைச் சுற்றினால், அடைபடும் பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். கம்பியின் நீளமும் தடையும் மாறுவதில்லை, தூண்டலோ 39.5 மைக்ரோஹென்றியிலிருந்து ஏறத்தாழ 4 மைக்ரோஹென்றியாகக் குறைகிறது. சுற்றுவதையே விட்டுவிட்டு, உலோகப்பட்டையை முன்னும் பின்னுமாக மடித்து அடுக்குவதும் இவ்வகையைச் சார்ந்ததே.

வேண்டுவது அறிதல்

இவ்வழிகளுள் எதுவும் தூண்டலை முற்றாக ஒழிப்பதில்லை. நேராக நீட்டிய ஒரு மீட்டர் கம்பிக்கும் ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் உண்டு. தூண்டலற்ற மின்தடையம் என்று வணிகத்தில் வழங்குவது, தூண்டல் குறைந்த மின்தடையம் என்னும் பொருளிலேயே கொள்ளத்தக்கது. மின்தடையத்தைச் செம்மையாகச் செய்துவிட்டு, அதனை இணைக்கும் கம்பிகளை நீளமாகவும் அகலமான வளையமாகவும் விட்டுவைத்தால் செய்த முயற்சி வீணாகும்.

எல்லா இடத்துக்கும் விலைமிகுந்த சுற்றுமுறை தேவை என்பதும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நீரைச் சூடாக்கும் கம்பிக்கு அது வீண்செலவு. குறைகடத்தி ஆளியோடு இணையும் மின்தடையத்துக்கு அது காப்பு. மின்னல் துடிப்புச் சோதனைக்கு அது கட்டாயம். மாற்றம் எத்துணை விரைவில் நிகழ்கிறது என்னும் வினாவை எழுப்பி, விடையைக் காலமாறிலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரே தக்கதைத் தெரிவுசெய்ய வல்லவர். பொருளின் மேல் பொறிக்கப்பட்ட ஓர் எண்ணை மட்டும் நம்பாமல், அதன் வடிவத்தையும் அது பணிசெய்யும் சூழலையும் சேர்த்துப் படிப்பதே பொறியியல் அறிவு. அத்திப்பட்டைச் சூழ்ந்த துறைமுகங்களிலும் மின்நிலையங்களிலும் நாளை பணிபுரியப்போகும் இளைஞர்களுக்கு அவ்வறிவே உயிர்காக்கும் துணையாகும்.

கலைச்சொல் அறிவோம்

மின்தடையம் – ரெசிஸ்டர்
தன் மின்தூண்டல் – செல்ஃப் இண்டக்‌ஷன்
தூண்டல் மின்மறுப்பு – இண்டக்டிவ் ரியாக்டன்ஸ்
மின்எதிர்ப்பு – இம்பீடன்ஸ்
காலமாறிலி – டைம் கான்ஸ்டன்ட்
குறைகடத்தி – செமிகண்டக்டர்

கற்பவை கற்றபின்...

1. தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் பாடத்தில் தேர் உவமையாகக் கூறப்பட்டுள்ளது. உங்கள் ஊர் வாழ்விலிருந்து வேறோர் உவமையைக் கண்டு வகுப்பில் விளக்குக.
2. 12 சென்டிமீட்டர் நீளமுள்ள நூலை முடிந்து வட்டம், சதுரம், ஒடுங்கிய செவ்வகம் ஆகிய வடிவங்களை அமைத்து, அவை அடைக்கும் பரப்புகளை ஒப்பிடுக. மின்தடையத்துக்கு ஏற்ற வடிவம் எதுவெனக் காரணத்துடன் எழுதுக.
3. சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் இருமடங்காக்கினால் மின்தடையும் தன் மின்தூண்டலும் எவ்வாறு மாறும் எனக் கலந்துரையாடுக.
4. உங்கள் பகுதியிலுள்ள மின்பணியாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் தொழிலில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்க் கலைச்சொற்களை எழுதுக.